சுவாமிமலையிலிருந்து பஸ்தருக்கு ஒரு வழி

சுவாமிமலையில் மெழுகு வேலை பார்ப்பவன் நான். சில வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு வந்த வடநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பைக்குள்ளிருந்து ஒரு பித்தளை மாட்டை எடுத்து என் பலகைமேல் வைத்தார். உடம்பு முழுக்க நூல் சுற்றினாற்போல வரி வரியாக இருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, அது மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி வார்த்த உருப்படி. நாங்கள் செய்கிற அதே தொழில். ஆனால் கனமே இல்லை. எங்கள் சிலையைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கும். இது உள்ளே பொள்ளல். எந்த ஊர் என்று கேட்டேன். பஸ்தர் என்றார். அன்றைக்குப் பிடித்த ஆசை, இதுவரை இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். முதல் தடவை கார்த்திகையில், மச்சானோடு. இரண்டாவது பங்குனியில், தனியாக. இரண்டிலும் தப்புப் பண்ணியிருக்கிறேன். அந்தத் தப்பை நீங்கள் பண்ண வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பஸ்தர் என்பது ஒரு ஊர் இல்லை. சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்குப் பகுதி, பெரும்பாலும் சால மரக்காடு. பழைய பஸ்தர் மாவட்டம் மட்டுமே கேரளாவைவிடக் கொஞ்சம் பெரியது. இப்போது அதை ஏழு மாவட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே "பஸ்தரைச் சுத்திப் பார்த்துட்டு வரேன்" என்று மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பாதீர்கள். போக வர நான்கு நாள் பிடிக்கும். அங்கே நின்று பார்க்க ஐந்து நாளாவது வேண்டும். அங்கே பெரிய ஊரான ஜகதல்பூரில் அறை எடுத்து, அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் சுலபம்.

எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது அங்கே மழை ஓய்ந்திருக்கும். அவர்களுக்கு மழைக்காலம் ஆனி முதல் புரட்டாசி வரை. அருவி நிறைந்தும் வேண்டும், குகையும் திறந்திருக்க வேண்டும், பாதையும் காய்ந்திருக்க வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழிதான். ராத்திரியில் நல்ல குளிர், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். நான் பங்குனியில் போனபோது சித்ரகோட் அருவி பாறையில் நூலாகத் தொங்கியது. அங்கே ஒரு படகுக்காரர் சொன்ன காரணம் நமக்குப் பழக்கமான கதை: இந்திராவதி ஒடிஷாவில் பிறக்கிறது, மேலே ஜோரா நாலா என்ற ஓடை வழியாகத் தண்ணீர் வேறு ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது, இரண்டு மாநிலத்துக்கும் பல வருஷத் தகராறு. கல்லணை திறப்புக்குக் காத்திருக்கிற ஊர்க்காரனிடம் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் பங்குனிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விடியற்காலையில் காட்டுக்குள் இலுப்பைப்பூ கொட்டும். அவர்கள் மஹுவா என்கிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு வந்து பொறுக்குவார்கள். காயவைத்துத் தின்பார்கள், விற்பார்கள், சாராயமும் காய்ச்சுவார்கள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நாம் இளக்காரமாகச் சொல்லுகிற பூ. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். பழமொழி கட்டியவன் பூவைத் தின்று பார்த்தவனாக இருக்க முடியாது.

போகிற வழி இது. கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்முன் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு மாறி, காலையில் கிளம்பும் கோரமண்டல் பிடித்தால் இரவுக்குள் விசாகப்பட்டினம். ஒரு ராத்திரி அங்கே தூங்கிவிட்டு, மறுநாள் காலை கிரந்துல் போகிற பாசஞ்சரில் ஏறுங்கள். இரவு வண்டியும் இருக்கிறது. அதில் போனால் பாதிப் பயணம் இருட்டில் வீணாகிவிடும். ஜப்பானுக்கு இரும்புத் தாது அனுப்புவதற்காக 1960-களில் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போட்ட பாதை இது. ஐம்பதுக்கு மேல் சுரங்கம். கூட்டமெல்லாம் அரக்கு என்ற மலை ஊரில் இறங்கிவிடும், அதற்கப்புறம் பெட்டியில் நீங்களும் கீரைக்கட்டுப் பாட்டிகளும்தான். ஜகதல்பூர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும். மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த வண்டி நடுவழியில் நிற்பது உண்டு, அதனால் விசாகப்பட்டினத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் வரலாம், சுமார் 300 கிலோமீட்டர்.

ஜகதல்பூரில் வாடகைக் காரைப் பேசும்போது நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் படி உண்டா என்று மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் தடவை எனக்குப் பேசியது ஒன்று, கடைசியில் கொடுத்தது இன்னொன்று. மச்சானுக்கு இந்தி தெரியும் என்று நம்பி நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது தூர்தர்ஷன் இந்தி.

முதல் நாளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை ஊர் நடுவில் இருக்கிறது, வாசலை ஒட்டியே தந்தேஸ்வரி அம்மன் கோயில். தஞ்சாவூர் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். வெள்ளையடித்த கட்டடம், தூண் வைத்த முகப்பு, உள்ளே பழைய படங்கள், அவ்வளவுதான். ராஜ குடும்பம் இன்னும் அங்கே வசிக்கிறது, எனவே வீட்டுக்குள் போகிற மரியாதையோடு, எது வரை வரலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அந்த வளாகத்தின் கனம் சுவரில் இல்லை. 1323-இல் வாரங்கல் விழுந்தபோது காகதீய வம்சத்து அன்னமதேவன் இந்தக் காட்டுக்கு வந்து அரசு அமைத்தான் என்பது இவர்கள் வரலாறு. அந்த வம்சத்தின் பிரவீர் சந்திர பஞ்ச்தேவ் ஆதிவாசிகள் கும்பிட்ட மனிதர். 1966 மார்ச் 25 அன்று இதே அரண்மனையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் அவரும் அவரோடு இருந்த ஆதிவாசிகளும் செத்தார்கள். கடைகளிலும் வீடுகளிலும் தாடி வைத்த அவர் படம் சாமிப் படங்களுக்கு நடுவில் தொங்குவதைப் பார்ப்பீர்கள். யார் என்று விளையாட்டாகக் கேட்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பயப்படாதவராக இருந்தால் தசராவுக்குப் போகலாம். 75 நாள் திருவிழா. நம் ஆடி மாத அமாவாசையை ஒட்டித் தொடங்கிவிடும். ஆனால் பார்க்க வேண்டியது கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள். ராவணன் பொம்மை கொளுத்துவது கிடையாது. இது முழுக்க அம்மன் திருவிழா. மிர்கான் சமூகத்துச் சிறுமி ஒருத்தியை முள் ஊஞ்சலில் சாய்த்து, அவள் வாயால் உத்தரவு வாங்கித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் ஒன்பது நாளும் குழியில் உட்கார்ந்து விரதம் இருக்கிறார். மரத்தேரை வருஷா வருஷம் குறிப்பிட்ட இரண்டு ஊர்த் தச்சர்கள் புதிதாகச் செய்கிறார்கள். தேரில் விக்கிரகம் கிடையாது, அம்மனின் குடைதான் ஏறுகிறது. காட்டுக்கொடியைத் திரித்த வடம், நூற்றுக்கணக்கான கை. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவனுக்குத் தேர் சின்னதுதான். அதற்கப்புறம் நடப்பது நம் ஊரில் இல்லாதது: ராத்திரியோடு ராத்திரியாக ஆதிவாசிகள் தேரைத் 'திருடி'க் கும்டாகோட் காட்டுக்கு இழுத்துப் போய்விடுகிறார்கள். மறுநாள் ராஜா அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து புது அரிசிச் சோறு தின்ற பிறகுதான் தேர் திரும்பும். நம் புதிர்ச்சோறு மாதிரிதான். ஆனால் நம் ஊரில் மிராசுதார் தன் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தசரா சமயத்தில் அறை கிடைப்பது கஷ்டம், இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். ஜகதல்பூரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் சித்ரகோட். இந்திராவதி முழுக்க லாட வடிவத்தில் ஒரே பாறையிலிருந்து சுமார் 95 அடி கீழே விழுகிறது. மழையில் அகலம் 300 மீட்டர் வரை விரியும், நிறம் செங்காவி. கார்த்திகையில் வெள்ளை. மத்தியான வெயிலில் போய் செல்பி எடுத்துவிட்டு ஓடிவராதீர்கள். கரையிலேயே அரசு சுற்றுலா விடுதி இருக்கிறது, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பஸ்ஸெல்லாம் போய், கடையெல்லாம் மூடிய பிறகு அந்தச் சத்தம் மட்டும் மிஞ்சும். படுக்கையில் இருக்கும்போது ஆடிப்பெருக்கில் அணை மதகுக்குப் பக்கத்தில் தூங்குவது போல இருந்தது எனக்கு. தண்ணீர் இறங்கிய மாதங்களில் கீழே படகில் அருவிக்கு அருகே போகலாம். உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்குங்கள். மேலே பாறை விளிம்பில் கைப்பிடி இல்லாத இடம் நிறைய, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தீரத்கட் அருவி காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில், படி படியாகச் சுமார் 300 அடி இறங்குகிறது. பார்க்க நாமும் படி இறங்க வேண்டும். சுவாமிமலையின் அறுபது படிக்கே மூச்சு வாங்குகிறவர்கள் மேலேயே நின்று பார்ப்பது நல்லது, மேலேயும் அழகுதான். அதே காட்டில் குடும்சர் குகை. வாய் ஒருவர் நுழைகிற அளவுதான், அப்புறம் செங்குத்தாக இறக்கம். சுண்ணாம்புப் பாறை சொட்டிச் சொட்டி உறைந்த தூண்கள், உள்ளே ஓடுகிற நீரில் கண் தெரியாத மீன். வழிகாட்டி விளக்கோடு கூடவே வருவார். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வேண்டாம், உள்ளே ஈரப் புழுக்கம். மழை மாதங்களில் குகையை மூடிவிடுவார்கள். பொதுவாக நவம்பரில் திறக்கும்.

இனிமேல் சொல்வது என் மச்சானால் எனக்குக் கிடைத்தது. அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். முதலாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டத்துக்கு வருமுன் இளவரசனாக இருந்தபோதே சக்கரக்கோட்டத்தில் தாராவரசனிடம் திறை கொண்டான் என்று அதில் வருகிறது. அவனுக்கு முன்பே ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியிலும் சக்கரக்கோட்டம் உண்டு. கங்கையிலிருந்து நீர் கொண்டுவந்த படையெடுப்பில் கைக்கொண்ட ஊர்களில் ஒன்று. அந்தச் சக்கரக்கோட்டம் இந்த பஸ்தர்தான், சித்ரகோட் பக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தாராவரசன் என்பவன் இங்கே ஆண்ட நாகவம்சத்துத் தாராவர்ஷன். எனவே இந்தக் கோயில்களை வெறுமனே பார்க்காமல், நம் ஊர்ப் படை வந்து போன இடம் என்ற நினைப்போடு பாருங்கள். வேறு சுற்றுலாக்காரருக்கு இல்லாத ஒரு சுவை நமக்கு மட்டும் கிடைக்கும்.

சித்ரகோட் போகிற பக்கத்திலேயே நாராயண்பால் என்ற சின்ன ஊர். அங்கே உயரமான விஷ்ணு கோயில் ஒன்று வயலுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. 1111-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதில் சொல்லியிருக்கிற மானியத்தைக் கொடுத்தவள் குண்டமகாதேவி, அந்தத் தாராவர்ஷனின் பட்டத்தரசி. நாங்கள் போனபோது ஒரு ஆடும் ஒரு கிழவரும் இருந்தார்கள். கிழவர் திறந்துவிட்டார், ஆடு எங்களோடு உள்ளே வந்தது.

பார்சூருக்குக் கீதம் என்ற ஊர் வழியாகப் போக வேண்டும். சாலை பிரிகிற இடம் அது. ஒரு பக்கம் தந்தேவாடா, மறுபக்கம் பார்சூர். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். பார்சூரில் பத்தீசா கோயில் முக்கியம். 32 தூண் மண்டபம், அதற்கு இரண்டு சிவன் சன்னதி. 1208-இல் கங்கமகாதேவி என்ற ராணி ஒரு சன்னதியைக் கணவன் பேரிலும் இன்னொன்றைத் தன் பேரிலும் கட்டியிருக்கிறாள். செம்பியன் மாதேவி ஊர்க்காரர்களுக்கு ராணி கோயில் கட்டுவது புதிது இல்லை, ஆனால் புருஷனுக்குச் சரிசமமாகப் பக்கத்திலேயே தனக்கும் ஒன்று என்பதில் மச்சான் அரை மணி நேரம் நின்றுவிட்டார். மணற்கல்லில் பெரிசும் சின்னதுமாக இரண்டு பிள்ளையார் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவரின் தொந்தியைப் பார்த்துவிட்டு வாங்க.

இதே ஊரில் 1060-ஐ ஒட்டிய ஒரு தெலுங்குக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தாராவர்ஷனுக்குக் கீழே இருந்த சந்திராதித்தன் என்ற சிற்றரசன் சிவன் கோயில் கட்டி ஏரி வெட்டியதைச் சொல்வது. அவன் தன்னைக் கரிகால் சோழன் வழி வந்தவன், காவிரிக்குத் தலைவன் என்று சொல்லிக்கொள்கிறான். காவிரி எங்கே, இந்தக் காடு எங்கே! அவன் ஏரியைக் காட்டச் சொல்லி ஊரில் கேட்டேன். கை காட்டிவிட்டு, குளிக்கப் போகிறாயா என்று கேட்டார்கள்.

தந்தேவாடாவில் தந்தேஸ்வரி கோயில், சங்கினி, டங்கினி இரண்டு ஆறும் சேருகிற இடத்தில். பேன்ட் போட்ட ஆண்களைக் கருவறைப் பக்கம் விடுவதில்லை. அங்கேயே வேட்டி கொடுப்பார்கள், நம் ஆட்கள் சொந்த வேட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். எல்லாரும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தபோது நானும் மச்சானும் இரண்டு நொடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனது இந்தப் பயணத்தின் பெருமைகளில் ஒன்று. எதிரே கருடத் தூண். கட்டிப்பிடித்து இரண்டு கை விரலும் முட்டினால் நினைத்தது நடக்குமாம். எனக்கு முட்டவில்லை.

நடக்கத் தெம்பு இருந்தால் ஒரு நாள் டோல்கால். பைலாடிலா மலையில் சுமார் 3,000 அடி உயரத்தில், சுற்றிலும் பாதாளமான ஒரு பாறை முனையில் மூன்றடிப் பிள்ளையார். மேலே கூரையில்லை, பக்கத்தில் சுவரில்லை. 2017 ஜனவரியில் யாரோ கீழே தள்ளி உடைத்துவிட்டார்கள்; துண்டுகளைத் தேடியெடுத்து ஒட்டி மறுபடி வைத்திருக்கிறார்கள். ஒட்டு தெரிகிறது. ஃபரஸ்பால் ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள், மழையில் ஏறவே ஏறாதீர்கள்.

பயம் பற்றிக் கேட்பீர்கள். மாவோயிஸ்ட் மோதல்கள் பல வருஷம் நடந்த பகுதிதான், 2013-இல் தர்பா பள்ளத்தாக்கில் பெரிய தாக்குதல் நடந்தது. நான் கடைப்பிடித்தது இவ்வளவுதான்: பிரதான சாலையை விட்டு உள்ளே போகவில்லை, இருட்டும்முன் அறைக்குத் திரும்பிவிட்டேன், முகாம்களையும் சீருடைக்காரர்களையும் படம் எடுக்கவில்லை, தினமும் காலையில் விடுதிக்காரரிடம் இன்றைக்கு இந்த வழி சரியா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

சந்தையை விட்டுவிடாதீர்கள். ஜகதல்பூரில் ஞாயிற்றுக்கிழமை; மற்ற ஊர்களுக்கு ஒவ்வொரு கிழமை, விடுதியில் கேட்டால் சொல்வார்கள். புளி, காட்டுக் கிழங்கு, காய்ந்த மீன், இலையில் செவ்வெறும்புச் சட்னி. சாப்ரா என்று பெயர். புளிப்பும் காரமும் மூக்கில் ஏறும். ஒரு தடவை தின்றால் போதும் என்றிருந்தது எனக்கு. மண்டியா பேஜ் என்று சுரைக்குடுவையில் கொடுப்பதைத் தைரியமாகக் குடியுங்கள், நம் கேழ்வரகுக் கூழேதான். சல்ஃபி என்பது கூந்தல்பனைக் கள், காலையில் இனிக்கும், மத்தியானத்தில் உதைக்கும். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெண்களின் பச்சைகுத்தலை மூக்கு முட்ட நின்று எடுக்கிறவர்களைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. சாலையோரத்தில் வண்ணம் தீட்டிய கல்லும் மரமும் நிற்கும். அவை செத்தவர்களுக்கு நட்டவை, நம் நடுகல் மாதிரி. சாய்ந்து நின்று படம் பிடிக்காதீர்கள்.

பேச்சுக்கு இந்தி போதும், ஊருக்குள் ஹல்பி. ஆனால் கோண்டி பேசுகிறவர் கிடைத்தால் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். ரண்ட், மூந்த், நாலுங் என்று வரும். மரத்துக்கு மரா. நாங்கள் தமிழில் எண்ணிக் காட்டியதும் ஒரு கிழவி சிரித்துக்கொண்டே தன் பேத்தியைக் கூப்பிட்டு எங்களை மறுபடி எண்ணச் சொன்னாள்.

கடைசி நாளை கொண்டாகாவுக்கு வையுங்கள், ராய்ப்பூர் சாலையில் 75 கிலோமீட்டர். கட்வா வகுப்பாரின் டோக்ரா என்ற பித்தளை வார்ப்பு வேலை வீட்டு முற்றத்திலேயே நடக்கும். நாங்கள் மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்து மேலே காவிரி வண்டல் பூசுவோம். அவர்கள் முதலில் களிமண்ணில் உருவம் பிடித்து, மெழுகை அச்சில் நூலாக இழுத்து அதன்மேல் சுற்றுகிறார்கள். மேல்பூச்சுக்குப் புற்றுமண். எங்களுக்கு முக நீளத்தை அளவாக வைக்கிற தாளக் கணக்கு, அதை மடித்துக் குறிக்கிற ஓலை. அவர்களுக்குக் கண்தான் அளவு. ஒரு பொட்டலம் வண்டல் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்காரர் விரலில் தேய்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவரும் நாக்கில் வைத்தார். இருவரும் தலையாட்டினார்கள். பிறகு நான் ஒரு பூரானை மெழுகில் செய்து காட்ட, அவர் அதற்கு நூல் சுற்றினார். பேச்சே தேவைப்படவில்லை.

வாங்கும்போது கும்பகோணம் பாத்திரக்கடை மாதிரி பாதி விலைக்குக் கேட்காதீர்கள். மெழுகு போய்விட்டால் கரு ஒன்றுக்கு உருப்படி ஒன்றுதான், அதே மாடு மறுபடி வராது. செய்தவரிடமே வாங்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், உள்ளே சுட்ட மண் தெரிந்தால் சரியான சரக்கு. கொம்பு, வால் எல்லாம் பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ரயில் நிலையத்தில் பையை எந்திரத்தில் விடும்போது பித்தளை கறுப்பாகத் தெரியும், நிச்சயம் நிறுத்துவார்கள். பில்லைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்; நான் பைக்கு அடியில் வைத்திருந்தேன், விசாகப்பட்டினத்தில் மாட்டையும் பூரானையும் பிளாட்பாரத்தில் பரப்பிவைத்துத் தேட வேண்டியிருந்தது.